தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து அடித்தார்கள், பொலிஸ் எழுதவில்லை: இனி என்ன செய்வது?

வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டேன்.

"வணக்கம் அக்கா. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்தடிக் கிராமம் எங்களுடையது. பிரதேச சபைத் தேர்தலில் என் கணவர் தோற்ற கட்சிக்கு வேலை செய்தவர், வாக்குச்சாவடியில் முகவராகவும் இருந்தவர். முடிவு வந்து மூன்றாம் நாள் இரவு எட்டு ஒன்பது பேர் வந்து சீனவெடி கொளுத்தி முற்றத்துக்குள் எறிந்தார்கள், வேலியைப் பிடுங்கினார்கள், மோட்டார் சைக்கிளுக்கு நெருப்பு வைத்தார்கள். தடுக்கப் போன இவருக்குக் கொட்டனால் அடி விழுந்து இடது கை முறிந்துவிட்டது. பயத்தில் ஆஸ்பத்திரியில் விழுந்து முறிந்தது என்று சொல்லிவிட்டோம். பொலிசுக்குப் போனால் 'வெறிச்சண்டை, உங்களுக்குள்ளேயே பேசித் தீருங்கோ' என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது வயலுக்குத் தண்ணீர் முறைப்படி வருவதில்லை, வீட்டுத்திட்டப் பட்டியலில் இருந்த எங்கள் பெயரையும் காணவில்லையாம். கணவர் 'விடு, ஊரோடு ஒத்துப் போவம்' என்கிறார். என் தம்பி அவர்களை வெட்டுவேன் என்று திரிகிறான். பிள்ளைகள் இரண்டு பேர். நடந்து பன்னிரண்டு நாளாகிறது. முறைப்பாடு செய்யவா, சும்மா இருக்கவா?"

தங்கச்சி, நேரடியாகவே பதிலைச் சொல்கிறேன். பதியுங்கள், இந்தக் கிழமைக்குள் எழுத்தில் பதியுங்கள். வழக்குப் பேசுவதா, சமாதானமாகப் போவதா, கொஞ்சக் காலம் தாய்வீட்டில் போய் இருப்பதா என்பதையெல்லாம் அதற்குப் பிறகு நீங்களும் கணவரும் இருந்து யோசிக்கலாம். பதிவு என்று ஒன்று இல்லாவிட்டால் யோசிப்பதற்கே எதுவும் மிஞ்சாது. சமாதானம் பேச வருகிறவர்கள்கூட, உங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை என்று தெரிந்தால் ஒரு விதமாகத்தான் பேசுவார்கள். முறைப்பாடு செய்வதும் வழக்காடுவதும் ஒன்றல்ல. உங்கள் கணவர் பயப்படுவது வழக்கைப் பார்த்து. நான் கேட்பது பதிவை மட்டும்.

"வெறிச்சண்டை" என்று பொலிஸ் சொன்னதில் இருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் உங்கள் விடயம் முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது. வெறிச்சண்டை என்று போட்டால் அது சிறு முறைப்பாட்டுப் பிரிவுக்குப் போகும், அங்கிருந்து மத்தியஸ்த சபைக்குப் போகும், அங்கே நாலு பேருக்கு முன்னால் கை குலுக்கச் சொல்வார்கள், அத்தோடு முடிந்தது. ஆனால் குடித்துவிட்டு வழி தவறி வந்தவர்கள் இத்தனை வீட்டைத் தாண்டி உங்கள் படலையை மட்டும் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சீனவெடியும் பெற்றோலும் கொட்டனும் வெறிகாரன் கையில் தற்செயலாக வந்து சேருமா? ஆகவே நீங்கள் எழுதும் முறைப்பாட்டில் அடி, நெருப்பு என்பவற்றோடு அவர்கள் கத்திய சொற்கள் கட்டாயம் இருக்க வேண்டும். எந்தக் கட்சியின் பெயரைச் சொல்லி ஏசினார்கள், "ஏஜென்டா இருந்தனி" என்று சொன்னார்களா, வாக்கைப் பற்றி ஏதாவது சொன்னார்களா, அதைச் சொல் மாறாமல் எழுதுங்கள். தூஷணம் என்றால் தூஷணமாகவே எழுதுங்கள், வெட்கப்பட்டுத் "தகாத வார்த்தைகள் பேசினர்" என்று எழுதினால் அரசியல் காரணம் அங்கேயே காணாமல் போய்விடும். எங்கள் தேர்தல் சட்டங்களில் தகாத செல்வாக்கு என்று ஒரு குற்றம் இருக்கிறது. வாக்களிக்க விடாமல் மிரட்டுவது மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். வாக்களித்ததற்காக அல்லது வாக்களிக்காமல் விட்டதற்காகப் பிறகு வந்து ஒருவருக்குத் தீங்கு செய்வதும் அதற்குள் அடங்கும். தேர்தல் முடிந்துவிட்டது, இனி எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள். மாவட்டச் செயலகத்தில் உள்ள தேர்தல்கள் அலுவலகத்துக்கும் முறைப்பாட்டின் பிரதி ஒன்றை அனுப்பலாம், பெப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புகளுக்கும் அனுப்பலாம். அவர்கள் வந்து கள்ளனைப் பிடிக்கப் போவதில்லை, ஆனால் அவர்களுடைய அறிக்கைக்குள் சம்பவம் ஏறிவிட்டால் பிறகு அது நடக்கவே இல்லை என்று சொல்வது கஷ்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 பெப்ரவரி 10 ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் இருந்து வட்டார முறை வந்தது. அது வந்த பிறகு எந்தக் குளத்தடி யாருக்குப் போட்டது என்பது முடிவு வந்த அன்றே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு வட்டாரம் என்பது வன்னியில் இரண்டு மூன்று கிராமம், எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம் அல்லது பழக்கம். பாராளுமன்றத் தேர்தலில் தோற்ற கட்சிக்காரன் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடலாம். பிரதேச சபையில் தோற்றவனுக்கு, வென்றவன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். கணவர் "ஊரோடு ஒத்துப் போவம்" என்பது இதனால்தான், அதை நான் குறைவாக நினைக்கவில்லை.

இனி ஆஸ்பத்திரி. விழுந்து முறிந்தது என்று சொன்னதைப் பற்றி மனதைப் போட்டு உழப்ப வேண்டாம். வன்னியில் அடி வாங்கியவர்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள், அதற்குக் காரணம் பயம் என்பது சட்ட வைத்திய அதிகாரிகளுக்கும் தெரியும். ஆனால் அதை அப்படியே விட முடியாது, ஏனென்றால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் தூக்கிப் பிடிக்கப்போவது அந்த வரியைத்தான். கணவர் சட்ட வைத்திய அதிகாரியிடம் போய், என்ன நடந்தது, அன்று ஏன் மாற்றிச் சொன்னார், யாருக்குப் பயந்தார் என்பதைச் சொல்லிப் பதிவிக்க வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டை ஏற்றால் அதற்கான சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தை அவர்களே தருவார்கள். தர மறுத்தால் ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் பொலிஸ் பதிவிடத்தில் வாக்குமூலம் கொடுக்கலாம், வைத்தியரிடம் நேரே சொல்லலாம். எக்ஸ்ரே படத்தைத் தொலைக்காதீர்கள். கொட்டனால் அடி விழும்போது மனிதன் தலையைக் காக்கக் கையைத் தூக்குவான், அப்படித் தூக்கிய முன்கையில் சுண்டுவிரல் பக்கமாக உள்ள எலும்பு நடுவில் முறிவது வைத்தியர்களுக்கு நன்கு தெரிந்த முறிவு. விழுந்து கையை ஊன்றினால் பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம்தான் போகும். உங்கள் கணவருடைய முறிவு எங்கே என்று எனக்குத் தெரியாது, நீங்கள் எழுதவில்லை. அதிகாரியிடம் அதைக் குறிப்பாகக் கேளுங்கள். எலும்பு முறிவு எதுவாக இருந்தாலும் தண்டனைச் சட்டக்கோவையின்படி கடுங்காயம். கடுங்காயமும் தீ வைத்து நாசம் செய்ததும் இருக்கிற ஒரு விடயத்தைச் சிறு முறைப்பாடு என்று தள்ள பொலிசுக்கு இடமில்லை. தம்பி எரிந்த மோட்டார் சைக்கிளை முற்றத்தில் இருந்து அகற்றிவிட்டானோ தெரியவில்லை, இன்னும் கிடந்தால் அப்படியே கிடக்கட்டும்.

பொலிசுக்குத் திரும்பப் போகும்போது தனியே போகாதீர்கள். ஊரில் மதிப்பான ஒருவரை, ஓய்வு பெற்ற ஆசிரியரையோ பங்குத்தந்தையையோ கோயில் ஐயாவையோ கூட்டிப் போங்கள். கட்சிக்காரரைக் கூட்டிப் போக வேண்டாம். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே தமிழில் எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்து, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 109 ஆம் பிரிவின்படி நீங்கள் வாயால் சொல்வதை அவர்கள் எழுத வேண்டும், எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் நீங்கள் கையெழுத்து வைப்பது. எங்கள் பக்கத்தில் நடப்பது என்ன? நீங்கள் தமிழில் சொல்வீர்கள், அவர் சிங்களத்தில் எழுதுவார், கீழே கையெழுத்து வையுங்கோ என்பார். விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். வடக்கில் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்வது அரசியலமைப்பு தந்த உரிமை, பொலிஸ் நிலையமும் அரச அலுவலகம்தான். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை இருக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லி வாங்கில் இருங்கள். அதற்கும் வழியில்லாமல் சிங்களத்தில்தான் எழுதினார்கள் என்றால், கையெழுத்துக்கு மேலே "நான் தமிழில் சொன்னேன், இது எனக்கு விளங்கவில்லை" என்று உங்கள் கையாலேயே தமிழில் எழுதிவிட்டு வையுங்கள். முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டை வாங்காமல் படி இறங்காதீர்கள். எழுதிய உத்தியோகத்தரின் சட்டையில் உள்ள இலக்கத்தையும் நேரத்தையும் வெளியே வந்ததும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் எழுத மறுத்தால் சண்டை பிடிக்க வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள். கொண்டுபோன எழுத்தை அன்றைக்கே பதிவுத் தபாலில் பொறுப்பதிகாரிக்கு அனுப்புங்கள். பிரதி, உங்கள் பிரதேசத்துக்குப் பொறுப்பான சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகருக்கும் கொழும்பில் உள்ள தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும். பொலிசுக்கு எதிரான பொதுமக்கள் முறைப்பாடுகளை விசாரிப்பது அந்த ஆணைக்குழுவின் வேலை. தபால் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். இவை எதுவும் அசையாவிட்டால், பொலிசைத் தாண்டி நீதவான் நீதிமன்றத்தில் நீங்களே நேரடியாகத் தனிப்பட்ட பிராது தாக்கல் செய்ய அதே சட்டக்கோவையின் 136 ஆம் பிரிவில் இடம் உண்டு. வன்னியில் இதை மிகக் குறைவாகத்தான் பாவிக்கிறார்கள், அது எனக்குப் பெரிய கவலை, ஏனென்றால் பொலிஸ் எழுதவில்லை என்றால் கதை முடிந்தது என்றே சனம் நினைத்துவிடுகிறது.

இப்போது நாள் கணக்கு. இதைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டதென்றால் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள். உங்களுக்குப் பன்னிரண்டு நாள் போய்விட்டது. உங்களை அடித்த ஆட்கள் அரச ஆட்கள் இல்லை என்பதால் அவர்களுக்கு எதிராக அந்த மனு வராது, அவர்கள் குற்றவியல் வழக்குக்குரியவர்கள். ஆனால் முறைப்பாட்டை எழுத மறுத்த பொலிஸ் அரசின் ஆள். அரசியல் காரணத்துக்காக வீட்டுத்திட்டத்தில் இருந்து ஓர் அதிகாரி பெயரை வெட்டியிருந்தால் அவரும் அரசின் ஆள். சட்டத்தின் சமமான பாதுகாப்பு எல்லாருக்கும் உண்டு என்று 12 ஆம் உறுப்புரை சொல்கிறது, அரசியல் கருத்தைக் காரணமாக வைத்து யாருக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்று அதன் இரண்டாம் பந்தியில் பச்சையாகவே எழுதியிருக்கிறது.

ஒரு மாதத்துக்குள் கொழும்புக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வன்னியில் எத்தனை குடும்பத்தால் முடியும்? அதற்குத்தான் மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணைக்குழு இது. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, காசு கட்ட வேண்டியதில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை, சாதாரண கடிதம் போதும், 1996 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் சொல்லலாம். அதே ஒரு மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு கொடுத்தால், அவர்களுடைய விசாரணை நடக்கும் காலத்தை உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்று அந்தச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கொடுத்துவிட்டேன், இனிப் பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். விசாரணை உண்மையிலேயே நடக்கிறதா என்பதற்கு உயர் நீதிமன்றம் ஆதாரம் கேட்கும். ஆகவே ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம், அவர்கள் அனுப்பும் கடிதங்கள், விசாரணைக்குக் கூப்பிட்ட திகதி எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு வையுங்கள்.

தண்ணீர் விடயத்துக்கு வருகிறேன். அடியைவிட அது உங்களை நீண்ட காலத்துக்கு வருத்தக்கூடியது, ஆனால் ஆட்கள் அதை முறைப்பாட்டில் எழுதுவதே இல்லை. சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் அளவானது, துருசு திறக்கிற நாள், எந்த வாய்க்காலுக்கு எத்தனை மணித்தியாலம் என்பதெல்லாம் போகத்துக்கு முன்னால் கூட்டத்தில் தீர்மானித்து எழுதப்படுகிறது. அந்தக் கூட்டக் குறிப்பு ஓர் அரச பதிவு. கமக்காரர் அமைப்புகள் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிந்தவை, தலைவருடைய சொந்தக் கடை அல்ல. உங்கள் முறை என்றைக்கு, தண்ணீர் உண்மையில் என்றைக்கு வந்தது, எவ்வளவு நேரம் வந்தது, யார் மறித்தார் என்பதைப் பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் நாள்வாரியாக எழுதத் தொடங்குங்கள், இன்றைக்கே. வெடித்த வயலைத் திகதி விழக்கூடியதாகப் படம் எடுங்கள், பக்கத்து வயலில் தண்ணீர் நிற்பதும் அதே படத்தில் விழுந்தால் நல்லது. கமநல சேவை நிலையத்தின் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு எழுத்தில் கொடுங்கள், உங்கள் குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியது என்றால் அவர்களுடைய பொறியியலாளருக்கும் கொடுங்கள். இங்கே அரசியலைப் பேசவே வேண்டாம், தீர்மானித்த முறை மீறப்படுகிறது என்று மட்டும் சொல்லுங்கள். அந்த இடத்தில் அதுதான் வேலை செய்யும்.

வீட்டுத்திட்டத்துக்கு, "காணவில்லையாம்" என்ற ஊர்க்கதையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். முதல் பட்டியல், திருத்திய பட்டியல், புள்ளி போட்ட முறை, என் பெயர் நீக்கப்பட்டிருந்தால் யார் எந்தத் திகதியில் என்ன காரணத்துக்காக நீக்கினார், இவ்வளவையும் கேளுங்கள். விண்ணப்பம் கிடைத்ததற்கு அத்தாட்சி தர வேண்டும், பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சில நேரம் இந்த விண்ணப்பம் போனவுடனேயே பெயர் திரும்பப் பட்டியலுக்குள் வந்துவிடும். வந்தால் சந்தோஷம், ஆனால் கொடுத்த பிரதியை எறியாதீர்கள்.

கணவருடைய பயத்துக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். எங்கள் சனத்துக்குப் பெயரைக் கொடுப்பதென்றால் பயம்தான். எந்தெந்தப் பட்டியலில் பெயர் இருந்ததால் யார் யாரைக் கொண்டுபோனார்கள் என்பது இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் தொடங்கிய போராட்டம் எதைப் பற்றியது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தேர்தலில் தோற்ற பக்கத்தைத் தண்டிக்கிற பழக்கமும் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1977 ஜூலை 21 தேர்தல் முடிந்ததும் தோற்ற சுதந்திரக் கட்சி ஆதரவாளர்களைத் தெற்கில் அடித்தார்கள், அடுத்த மாதம் அந்த அடி தமிழர் பக்கம் திரும்பியது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இன்று இருக்கிற மலையக வழிவந்த குடும்பங்களில் கனபேர் அந்த ஓகஸ்டுக்குப் பிறகு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். 2010 ஜனவரி 26 ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற, போர்க்காலத்து இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவையே பெப்ரவரி 8 ஆம் திகதி கைது செய்தார்கள். அவரைப் பற்றி வன்னியில் எங்களுக்கு என்ன நினைவு என்பது வேறு கதை, ஆனால் தோற்ற வேட்பாளருக்கே அந்த நிலை என்றால் அவருக்கு நோட்டீஸ் ஒட்டியவனின் நிலை என்ன?

1977 ஐ விசாரிக்க முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனியை ஆணையாளராகப் போட்டார்கள், சனம் போய்ச் சாட்சி சொன்னது, 1980 இல் அறிக்கை வந்தது. பிறகு 1982 இல், அந்த 1977 ஓகஸ்ட் மாதத்தில் நல்லெண்ணத்தோடு செய்த செயல்களுக்காக அரச அதிகாரிகள் மேல் வழக்கு வைக்க முடியாதபடி ஒரு பிணையுறுதிச் சட்டத்தையும் பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். இதை உங்களுக்கு மறைக்க நான் விரும்பவில்லை. முறைப்பாடு செய்தால் நீதி கட்டாயம் கிடைக்கும் என்று நான் எழுதித் தர மாட்டேன். ஆனால் அந்த மாதத்தில் எந்தத் தோட்டத்தில், எந்தக் கடைவீதியில் என்ன நடந்தது என்று இன்று தேடுகிறவனுக்கு, அன்றைக்குப் பயத்தோடு போய்ச் சாட்சி சொன்னவர்களின் வாக்குமூலம் இருக்கிறது. சொல்லாதவர்களுடைய கதை அவர்கள் வீட்டோடு போய்விட்டது. வெளியே ஓர் உதாரணமும் இருக்கிறது. மேற்கு வங்காளத்தில் 2021 மே 2 ஆம் திகதி சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த பிறகு எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் வீடு வீடாகத் தாக்கப்பட்டார்கள், அங்கேயும் உள்ளூர்ப் பொலிஸ் முறைப்பாடுகளை எழுதவில்லை என்ற குற்றச்சாட்டு இருந்தது. இந்திய மனித உரிமை ஆணைக்குழுவின் குழு ஊர்களுக்குப் போய் முறைப்பாடுகளைத் திரட்டி கல்கத்தா மேல் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஓகஸ்ட் 19 ஆம் திகதி கொலை, பாலியல் வன்முறை விசாரணைகளை மாநிலப் பொலிசிடம் இருந்து எடுத்து மத்திய புலனாய்வுப் பணியகத்திடம் கொடுத்தது, மற்றவற்றுக்குத் தனி விசாரணைக் குழு போட்டது. அந்தத் தீர்ப்பு நிற்பது அந்த முறைப்பாடுகளின் மேல்தான்.

தம்பியைப் பற்றி. அவனை உடனே அடக்குங்கள், தேவையென்றால் கொஞ்ச நாள் வேறு ஊரில் வேலைக்கு அனுப்புங்கள். அவன் ஒருத்தனுக்குக் கை நீட்டினால் போதும், "இரண்டு பக்கமும் அடிபாடு" என்று பொலிஸ் எழுதும், உங்கள் கணவரும் எதிரியாகக் கூண்டில் நிற்பார், வெறிச்சண்டை என்று அன்றைக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொன்னார் என்று ஆகிவிடும். வந்தவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். அவன் அக்கா வீட்டுக்காகக் கொதிக்கிறான், அந்தக் கொதிப்பு நியாயம், அதை அவனுக்குச் சொல்லியே அனுப்புங்கள். அவனுக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. அவனுடைய போனில் அந்த இரவின் வீடியோ ஏதாவது இருந்தால் அந்தப் போனை விற்கவோ மாற்றவோ கூடாது, மெமரி காட்டை அழிக்கக் கூடாது. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டப்படி இப்படியான பதிவுகளை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கலாம், ஆனால் மறுதரப்புக்கு வழக்கு விளக்கத்துக்கு 45 நாளுக்கு முன்னமே அறிவித்தல் கொடுக்க வேண்டும், பதிவைப் பார்வையிடவும் விட வேண்டும். வட்ஸ்அப்பில் பத்துப் பேருக்குப் போய்த் தேய்ந்து வந்த பிரதி அசலுக்கு ஈடாகாது.

பேஸ்புக்கில் பெயர்களைப் போட வேண்டாம். 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது, அவதூறு வழக்கும் போடலாம், அடி வாங்கியவர் நீங்கள், ஆனால் பதில் சொல்லித் திரிவதும் நீங்களாகவே இருப்பீர்கள். யூடியூப் பொடியன்கள் கமராவோடு வந்தால் பிள்ளைகளைக் காட்டாதீர்கள், பொலிசுக்குச் சொல்லாத ஒரு விடயத்தையும் அவர்களுக்குச் சொல்லாதீர்கள். இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொன்ன வசனம் குறுக்கு விசாரணையில் வந்து நிற்கும். கணவர் வேலை செய்த கட்சியிடம் உதவி கேளுங்கள், அது அவர்களுடைய கடமை, சட்டச் செலவையாவது அவர்கள் ஏற்க வேண்டும், வேட்பாளர் இதுவரை உங்கள் முற்றத்துக்கு வரவில்லை என்றால் அதையும் நான் பிழை என்றே சொல்வேன். ஆனால் முறைப்பாட்டை அவர்கள் எழுத விடாதீர்கள். எட்டு ஒன்பது பேர் என்று நீங்கள் சொன்னது அவர்கள் கையில் முப்பது பேராகும், கொட்டன் வாளாகும். இருட்டில் அடையாளம் கண்ட ஆட்களின் பெயரை மட்டும் சொல்லுங்கள், எந்த வெளிச்சத்தில் கண்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள், மோட்டார் சைக்கிள் எரிந்த வெளிச்சமோ பக்கத்து வீட்டு மின்குமிழோ. சந்தேகமான ஒரு பெயரைச் சேர்த்தால் உறுதியான மூன்று பெயரும் அதோடு அடிபட்டுப் போகும்.

முறைப்பாட்டுக்குப் பிறகு மிரட்ட வந்தால் அது தனிக் குற்றம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015 இல் வந்த சட்டத்தை 2023 இல் 10 ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பித்திருக்கிறார்கள், அதற்கென்று ஓர் அதிகார சபை கொழும்பில் இருக்கிறது, அவர்களிடம் பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கொழும்பில் இருந்து பாதுகாப்பு வரும்வரை உங்களுக்குப் பக்கத்து வீடுதான் பாதுகாப்பு. இரவில் போன் எடுத்தால் ஓடிவரக்கூடிய இரண்டு வீட்டோடு பேசி வையுங்கள், 119 ஐப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள், பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஆசிரியருக்கு நடந்ததைச் சொல்லி வையுங்கள். மூத்த பிள்ளை கொஞ்சநாள் படிப்பில் பின்னுக்குப் போகலாம், நடுச்சாமத்தில் எழும்பி அழலாம். அதற்கு அடிக்கவோ ஏசவோ வேண்டாம், ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

மத்தியஸ்த சபைக்கு அழைப்பு வந்தால் போங்கள், போகாமல் இருந்தால் அது உங்கள் பிழையாகிவிடும். ஆனால் இணங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இணக்கம் இல்லை என்று சான்றிதழ் கேட்டு வாங்குங்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். கணவர் உண்மையாகவே சமாதானத்துக்கு விரும்பினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அப்படியென்றால் மோட்டார் சைக்கிளுக்கும் வைத்தியச் செலவுக்கும் நட்டஈடு, தண்ணீர் முறை, இனித் தொடமாட்டோம் என்ற உறுதி, மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும், செய்தவர்கள் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். அவர்களுக்காக அவர்களுடைய கட்சிக்காரர் வந்து கையெழுத்து வைத்தால் ஏற்காதீர்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். சட்ட உதவி ஆணைக்குழு அதற்குத்தான் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம், நீதிமன்றத்தில் விசாரித்தால் அலுவலகத்தைக் காட்டுவார்கள். போகும்போது இரண்டு பேருடைய அடையாள அட்டை, கிராம அலுவலரின் வதிவிட, வருமானக் கடிதம், எக்ஸ்ரேயும் ஆஸ்பத்திரித் துண்டும், மோட்டார் சைக்கிள் புத்தகம், முகவராக இருந்ததற்கான நியமனக் கடிதம், தண்ணீர்க் கொப்பி எல்லாவற்றையும் கொண்டு போங்கள். வருமானக் கடிதம் எடுக்கக் கிராம அலுவலரிடம் போகவே பயமாக இருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள், முதலில் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு கடிதத்தைப் பிறகு பார்க்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்துக்கான கடிதத்தை மட்டும் அதுவரை வைத்திருக்காமல் நாளைக்கே தபாலில் போடுங்கள்.